நாய் தவம் செய்யவில்லை

குடியைப் பற்றிக் காரைக்காலுக்குக் கூச்சம் கிடையாது. கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் ஏலம் விட்டு உரிமம் தருகிறது புதுச்சேரி அரசு. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை என்பதால், நாகூர்ப் பக்கத்து ஆட்கள் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வந்து தாகம் தீர்த்துக்கொண்டு போகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் எதிர்வீட்டு அம்மாள் என் திண்ணையில் உட்கார்ந்து, மார்பில் கை வைத்துக்கொண்டு, "நாய்க்குப் போய்க் கஞ்சாவா டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் காதில் விழுந்தது பாதிச் செய்தி. என் தங்கை மகன் பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறான். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் இது. ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக இருக்கிற குடும்பங்கள் எங்கள் தெருவில் நிறைய. வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் என் நாய் செவலை எழுந்திருக்கப் படுகிற பாட்டைக் கவனித்துவிட்டு, "இங்க நாய்க்குன்னே சிபிடி எண்ணெய் விக்குது பெரியம்மா. மாங்கனித் திருவிழாவுக்கு வரும்போது கொண்டாரேன்" என்றான். குப்பியின் படத்தையும் அனுப்பினான். 10 மில்லி, ஐந்து சதவீதம். அட்டைப்பெட்டி மேல் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது.

செவலை சிரிக்கிற நிலையில் இல்லை. பதின்மூன்று வயது, 15 கிலோ எடை, நாட்டு நாய். காலையில் அது எழுந்திருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். முதலில் முன்கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி, பாரத்தையெல்லாம் முன்பக்கம் தள்ளி, இடுப்பைத் தூக்கப் பார்க்கும். மொசைக் தரையில் பின்கால் நகம் கறக் கறக்கென்று கீறும், தொடை நடுங்கும், பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் வேறெங்கோ பார்க்கும், எழுந்திருக்க நினைக்கவே இல்லை என்பதுபோல. இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

எதிர்வீட்டு அம்மாளின் கேள்வி ஒன்று. பிறகு கோயிலில் ஓதுவார் ஐயா சொன்னது இன்னொன்று. இரண்டையும் நான் சும்மா விடவில்லை. முப்பது வருஷம் பெரிய புராணம் நடத்திய வாய் சும்மா இருக்குமா?

முதலில் அந்தச் செடி. கஞ்சாச் செடியில் பல சத்துகள் உண்டு. அவற்றில் இரண்டு முக்கியம். போதை தருவது டிஎச்சி. போதை தராதது கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி. இரண்டின் அமைப்பையும் 1963, 1964இல் கண்டு சொன்னது இஸ்ரேலில் இருந்த ரஃபேல் மெக்கூலத்தின் குழு. போதைச் சத்தை நீக்கி சிபிடியை மட்டும் எடுத்தால், அது கஞ்சா குடித்தவனின் சிரிப்பையும் தராது, தள்ளாட்டத்தையும் தராது. நாய்க்கு இந்த வித்தியாசம் நம்மைவிட முக்கியம். டிஎச்சி போய் ஒட்டிக்கொள்கிற இடங்கள் நாயின் சிறுமூளையில் நம்மைவிட அடர்த்தி. அதனால் கொஞ்சம் உள்ளே போனாலும் நாய் நிற்க முடியாமல் ஆடும், மூத்திரம் சொட்டும், தொட்டாலே மிரளும்.

சரி, போதை இல்லை. செடி தீட்டுத்தானே என்றார் எதிர்வீட்டு அம்மாள். இதற்குப் பதில் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு, அம்பகரத்தூர் தாண்டி மேற்கே போனால் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் அம்பர் மாகாளம். சோமாசிமாற நாயனார் சோமயாகம் செய்த இடம். வைகாசி ஆயில்யத்தில் இன்றும் அந்த விழா நடக்கிறது. திருவாரூர்த் தியாகராசரே நேரில் வந்து அவிர்ப்பாகம் வாங்க வேண்டும் என்று நாயனாருக்கு ஆசை. சுந்தரர் சொன்னால் சுவாமி கேட்பார். சுந்தரரைப் பிடிக்க வழி? தினமும் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தார். சுவாமியும் வருவதாக ஒப்புக்கொண்டார். எப்படி வந்தார்? புலையராக, தோளில் செத்த கன்றுக்குட்டியோடு, நான்கு வேதங்களையும் நான்கு நாய்களாகக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. பின்னால் அம்பிகை தலையில் கள்ளுக்குடம். வேதியர்கள் யாகம் தீட்டுப்பட்டதென்று எழுந்து ஓடினார்கள். நாயனாரும் மனைவியும் மட்டும் நின்றார்கள் என்கிறது தலபுராணம்.

அந்த யாகத்தில் பிழிந்து வைத்திருந்ததும் ஒரு செடியின் சாறுதான். உள்ளே சோமரசம், வாசலில் கள்ளுக்குடம், கூடவே நாய்கள். எது தீட்டு என்று முடிவு செய்கிற அவசரத்தில் ஓடியவர்களுக்கு வந்தது யார் என்று தெரியாமல் போனது. வைரவர் பக்கத்தில் நாயை நிற்க வைத்துக் கும்பிடுகிற சைவத்துக்கு நாய் மேலும் கூச்சம் வேண்டாம், செடி மேலும் வேண்டாம். கஞ்சாவைச் சித்த மருத்துவர்கள் ஒதுக்கவில்லை. நச்சுச் சரக்கு என்று தனியே வைத்து, சுத்தி செய்து, அளவு சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனி கஞ்சா, அது குற்றம். நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் இலையிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய் இந்தியாவில் ஆயுர்வேத மருந்தாக, மருத்துவர் சீட்டோடு விற்கிறது. என் தங்கை மகன் சொன்ன எண்ணெய் பூவிலிருந்து எடுத்தது. பிரான்சில் கடையில் வாங்கலாம். இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அவன் மாங்கனித் திருவிழா பார்க்க முடியாது. சட்டத்தில் ஓட்டை தேடும் வயதும் எனக்குப் போய்விட்டது.

திருக்குறளில் ஒரு வரிசை எனக்கு எப்போதும் பிடிக்கும். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. நடுவில் 94, சூது. கள்ளா மருந்தா என்று வாதாடுகிறவர்கள் நடுவில் இருப்பதைப் பார்ப்பதில்லை. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, வேலை செய்கிறதா என்று தெரியாமல் வாயில் ஊற்றினால் அது கள்ளும் இல்லை, மருந்தும் இல்லை, சூது. அதிலும் நம் காசை வைத்து ஆடவில்லை; நாயின் உடம்பை வைத்து ஆடுகிறோம்.

ஓதுவார் ஐயா சொன்னதற்கு வருகிறேன். நல்ல மனுஷர். குரல் இன்னும் வெண்கலம். "அதோட வினை டீச்சர். அனுபவிச்சுத்தான் தீரணும். நாம குறுக்க போகக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு முழங்காலில் மாட்டியிருந்த பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பட்டையைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார்.

ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. எத்தனையோ பேர் உண்மையாகவே நம்புகிறார்கள். சித்தாந்தம் உயிரையே பசு என்கிறது. அந்தக் கணக்கில் ஓதுவாரும் பசு, நானும் பசு, செவலையும் பசு. பிராரத்தம் உடம்போடு வந்தது, நுகர்ந்து கழிய வேண்டியது. ஒப்புக்கொள்கிறேன். செவலையின் வலி அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்பது யாருடைய கணக்கு? அது என் ஆகாமியம், இன்று நான் புதிதாக ஏற்றிக்கொள்கிற வினை. அடுத்த உயிரின் பழைய கணக்கைக் காட்டி என் புதுக் கணக்கிலிருந்து நான் தப்பிக்க முடியாது. சம்பந்தர் கதையிலேயே இதற்கு வழி இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. அந்த நாட்டுக்கு அந்தப் பருவத்தில் வருவதுதான், வினைதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போகவில்லை. திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடினார். காய்ச்சலுக்குப் பாடியதாகவே நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். வினையைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்கிற மனத்துக்கும் சேர்த்துப் பாடியது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இந்த ஊரில் வலியைப் பற்றிப் பேசினால் காரைக்கால் அம்மையாரைப் பேசாமல் முடியாது. புனிதவதி தசைப் பொதியை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கினார். கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து ஏறினார். ஆனிப் பௌர்ணமியில் மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கும்போது நாம் கொண்டாடுவது அந்த உறுதியைத்தான். ஆனால் அவர் கேட்டு வாங்கினார். சமணத் துறவி உண்ணாநோன்பு இருந்தால் அவரும் தானே தேர்ந்துகொண்டது. தேர்ந்துகொண்ட துன்பத்துக்குத்தான் தவம் என்று பெயர். செவலை எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. அதற்கு இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். நாயின் வலிக்குப் புண்ணியக் கணக்கு எழுதுவது, நமக்குச் செலவு வைக்காத பக்தி.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தெகார்த் என்ற தத்துவஞானி விலங்குகள் இயந்திரம் மாதிரிதான் என்று எழுதினார் என்று சொல்லிவிட்டு, "அந்த ஆளு நாய் வளர்த்ததில்லைபோல" என்பார். வளர்த்தாரோ இல்லையோ, தெகார்த் நாட்டின் சிவில் சட்டமே 2015இல் திருந்தி, விலங்கு உணர்ச்சியுள்ள உயிர் என்று எழுதிக்கொண்டது. ஐயறிவு என்று தொல்காப்பியர் எப்போதோ எழுதிவைத்தார். வலி உண்டா இல்லையா என்ற சண்டை முடிந்துபோனது.

முடியாத சண்டை வேறு. எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான். எண்ணெய் கொடுத்தபின் செவலை சுகமாக இருக்கிறது என்று நான் சொன்னால், சுகமானது யார்?

2012இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சங்கடமான கணக்கை வெளியிட்டார்கள். மூட்டு வலியால் நொண்டுகிற நாய்களுக்கு வெறும் பொய் மருந்து கொடுத்தார்கள். நாய் காலை எவ்வளவு பாரமாக ஊன்றுகிறது என்று தரையில் பதித்த தட்டு அளந்தது. தட்டின்படி முன்னேற்றம் இல்லாதபோதும், வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் "தேவலாம்" என்றார்கள். மருத்துவர்களிலும் பத்துக்கு நான்கு பேர் தேவலாம் என்றார்கள். மனிதருக்குப் பொய் மாத்திரை கொடுத்தால் நோயாளியின் மனமாவது ஆறும். நாய்க்குக் கொடுத்தால் ஆறுவது நம் மனம். நாய் இருந்த இடத்தில் வலியோடு இருக்கிறது, அதன் வலிக்கு மருந்து தேடுவதையும் நாம் நிறுத்திவிடுகிறோம். வாயில்லாத ஜீவன் என்று வாய் நிறையச் சொல்கிறோம். அதன் வாயாக நாமே பேசும்போது பொய்சாட்சி சொல்லிவிடுகிறோமே, அதற்கு எந்த நரகம்?

சிபிடியின் கதையும் இதில் மாட்டிக்கொண்டதுதான். 2018இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூட்டுத் தேய்மானமுள்ள நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். இன்னொரு நான்கு வாரம் பொய் எண்ணெய். எது எப்போது என்று வளர்ப்பவருக்குத் தெரியாது. சிபிடி கொடுத்த வாரங்களில் வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. கல்லீரலைக் காட்டுகிற ஒரு நொதியும் இரத்தத்தில் ஏறியது. முழுதாக முடித்தவை 16 நாய்கள்தான். ஆய்வுக்கு உதவியது எண்ணெய் விற்கிற நிறுவனம். 2021இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில் மெய் எண்ணெய்க்கும் பொய் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, நம்பிக்கை இருக்கிறது, முடிவு இல்லை.

இப்போது அந்தச் சிரிக்கிற நாய்க் குப்பிக்கு வாருங்கள். 10 மில்லியில் ஐந்து சதவீதம் என்றால் மொத்தம் 500 மில்லிகிராம். குப்பி மேல் போட்டிருந்தது காலை மூன்று சொட்டு, இரவு மூன்று சொட்டு. ஒரு சொட்டுக்கு இரண்டரை மில்லிகிராம் வைத்தாலும் நாளுக்கு 15. கார்னெல் கணக்கில் செவலையின் எடைக்கு நாளுக்கு 60 வேண்டும். அப்படிக் கொடுத்தால் குப்பி எட்டு நாளில் காலி. அட்டையில் சொன்ன அளவில் கொடுத்தால், ஆய்வில் பலன் தந்த அளவில் கால் பங்குதான் உள்ளே போகும். அந்தக் கால் பங்குக்குள் தெரிகிற சுகம் பெரும்பாலும் என்னுடையதாகவே இருக்கும். குப்பியில் எழுதியது உள்ளே இருக்கிறதா என்பது அதற்கும் மேலே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வாங்கிச் சோதித்தபோது பல எண்ணெய்களில் சொன்ன அளவு சிபிடி இல்லை.

சோதிப்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் சைவத்தில் அப்படி இல்லை. கூன்பாண்டியனின் வெப்பு நோய்க்கு என்ன நடந்தது? உடம்பின் இடப்பக்கம் சமணர், வலப்பக்கம் சம்பந்தர். ஒரே நோயாளி, ஒரே நேரம், இரண்டு மருந்து. பிறகு அனல் வாதம்: எங்கள் திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏட்டையே எடுத்து நெருப்பில் போட்டார், அது பச்சையாக வெளியே வந்தது, பச்சைப் பதிகம் என்று பெயர் வாங்கியது. தோற்ற சமணரைப் பற்றி நாம் சொல்கிற கதை அது. உயிர்களின் வலியைப் பற்றி அவர்களிடம் நாம் வாங்கிக்கொண்டது நிறைய என்பதையும் கூடவே சொல்லவேண்டும். பாண்டியன் சோதனையில் எனக்கு ஒரே குறை. எந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று ராஜாவுக்குத் தெரியும். செவலைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அங்கேதான் கோளாறு.

அதனால் நான் செய்தது இது. கால்நடை மருத்துவர் நாய்க்கான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மொசைக் தரையில் ரப்பர் பாய் விரித்தேன். சோற்றைக் குறைத்தேன், அதற்குச் செவலை இன்னும் என்னை மன்னிக்கவில்லை. தினமும் காலையில் அது அதே பாயிலிருந்து எழுந்திருப்பதை போனில் படம் பிடித்தேன். எதிர்வீட்டு அம்மாளின் பேத்தி இங்கே வேளாண் கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் நாள் மாற்றிக் கலந்து, எதில் மாத்திரை என்று சொல்லாமல், அவளுக்கு அனுப்பினேன். எதில் சுலபமாக எழுந்திருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பச் சொன்னேன். அவள் பிரித்துக் காட்டியது மாத்திரை நாட்களோடு ஒத்துப்போனது. அன்றைக்குத்தான், செவலைக்குத் தேவலாம் என்று வாய் விட்டுச் சொன்னேன்.

மாத்திரை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்போது மருத்துவர் பார்த்து, இலையிலிருந்து எடுத்த, சோதனைச் சான்றுள்ள சிபிடியை அளவோடு எழுதிக் கொடுத்தால், பிரதோஷத்தன்றும் கொடுப்பேன். குளித்துவிட்டு வந்துதான் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் குளிக்கவும் செய்வேன். கல்லீரலுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்வேன், அதே படமும் எடுப்பேன், அதே பெண்ணிடம் கொடுப்பேன். தங்கை மகனிடம் குப்பி வேண்டாம், வழுக்காத பாய் இன்னொன்று வாங்கி வா என்று சொல்லிவிட்டேன்.

வயதான நாய் வைத்திருப்பவர்கள் சிலதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சணல் விதை எண்ணெய், ஹெம்ப் ஆயில் என்று விற்பதில் சிபிடி இருப்பதாக நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள். விதையில் அது ஏறக்குறைய இல்லை. இலை எண்ணெய் என்றால், எத்தனை மில்லிகிராம் சிபிடி, எவ்வளவு டிஎச்சி என்று அந்தத் தொகுதிக்கான ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். மனிதருக்கென்று விற்கிற சிபிடி மிட்டாயில் சைலிட்டாலோ சாக்லேட்டோ இருந்தால் நாய்க்கு அது நஞ்சு. உங்கள் மூட்டு வலிக்கு வாங்கிவைத்த புரூஃபனை இரக்கப்பட்டு உடைத்துக் கொடுக்காதீர்கள். நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற நாய் என்றால், எண்ணெய் கொடுக்கப்போவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.